மொட்டைப்பூ பூக்காத பள்ளம்

செப்டம்பர் பிறந்துவிட்டால் தில்காவுக்குக் கால் வீட்டில் தரிக்காது. கீழே ஆற்றோரத்துக் காலுறைத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் இயந்திரத்துக்கு முன்னால் நின்று வேலை பார்த்தவள் அவள். ஷிப்ட் முடிந்து மற்றப் பெண்கள் பேருந்தில் இடம் பிடிக்க முண்டியடிக்கும்போது இவள் மட்டும் காட்டுப்பாதை ஏறி வீட்டுக்கு வருவாள். நாலு கிலோமீட்டர், அதுவும் முழுக்க மேடு. "பஸ் இருக்கும்போது எவளாவது நடப்பாளா? கிறுக்கு!" என்பார்கள். அப்படிச் சொன்னவளே மறுநாள் இவள் பையிலிருந்து ஹேசல் கொட்டையை உரிமையோடு எடுத்துத் தின்பாள். ஓய்வு பெற்ற பிறகு கேட்கவே வேண்டாம். காலைக் காப்பிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து, பத்து மணிக்குப் பூட்ஸை மாட்டினால், திரும்பி வர மதியச் சூப்புக்கு நேரமாகிவிடும்.

எங்கள் ஸ்லோவேனிய மலையடிவாரத்தில் எல்லோரும்தான் காட்டுக்குப் போகிறோம். ஆனால் நாங்கள் போவது காளானுக்கு, செஸ்ட்நட்டுக்கு, அடுப்பு விறகுக்கு. கையை வீசிக்கொண்டு சும்மா பார்க்கப் போனவள் ஸக்ரிச் ஊரில் தில்கா ஒருத்திதான். காட்டுரோஜாக் காய் எந்த வேலியில் முதலில் சிவக்கும், இளஞ்சிவப்புத் தொப்பி போட்டதுபோல் வேலிப்புதரில் தொங்கும் சின்னக் காய் எந்த வாரம் வெடித்து ஆரஞ்சு விதையைக் காட்டும், கருநீலக் காட்டுப்பிளம் எத்தனை பனி பட்டால் வாய் கூசாமல் தின்னலாம், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. சைக்ளமென் பூவின் வாசனையை வைத்தே நேற்று மழை பெய்த பக்கம் எது என்று சொல்லிவிடுவாள். பெருமையாகச் சொல்ல மாட்டாள். யாராவது கேட்டால், இது கூடவா தெரியாது என்பதுபோல் பார்ப்பாள், அவ்வளவுதான்.

அவள் புருஷன் வின்கோ நேர் எதிர். மர அறுவை ஆலைக்காரன். நிற்கிற மரம் எதுவென்று அவனுக்குத் தெரியாது. வெட்டிப் படுக்கப் போட்டுவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு பெயர் சொல்லுவான். அவள் நடை முடிந்து வந்து மூச்சுவிடாமல் கதை சொல்ல ஆரம்பித்தால், "உனக்குப் பாத்ததெல்லாம் பூ, எனக்குப் பாத்ததெல்லாம் புல்லு. சூப்பு ஆறுது, உக்காரு" என்பான். என்றாலும் கதை முடிகிற வரை அவன் கரண்டியை எடுக்க மாட்டான். நாற்பத்திரண்டு வருஷம் அப்படித்தான் ஓடியது. இருவருக்கும் ஒரே மகள், நேஷா. கீழே டவுனில் மருந்துக்கடையில் வேலை. மணவாழ்க்கை ஒத்துவராமல் பிரிந்து, அங்கேயே அடுக்குமாடியில் தனியாக இருந்தாள்.

போன மார்ச் கடைசியில் வாசல் பனிக்கட்டியில் வழுக்கித் தில்காவின் கால் முறிந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். மலைவீட்டுப் படிகளில் ஏற முடியாது என்று நேஷா அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள், அங்கே லிப்ட் இருக்கிறதே. ஏப்ரல் வந்தது. ஏப்ரல் என்றால் எங்களுக்குக் காட்டுப்பூண்டு. ஈரப் பள்ளங்களில் பச்சைக் கம்பளமாக முளைக்கும் அந்த இலையைப் பறித்து முட்டையில் போட்டுக் கிளறாத வீடு ஊரில் கிடையாது. நாலாவது மாடி ஜன்னலில் உட்கார்ந்து புதிதாக அடித்த பெயின்ட் வாசனையை முகர்ந்துகொண்டிருந்த தில்காவுக்கு அந்த நாக்கு ஏக்கம் தாங்கவில்லை. வின்கோவுக்குப் போன் போட்டாள்.

"எனக்காக ஒரு பை காட்டுப்பூண்டு பறிச்சுட்டு வா, வின்கோ."

"நானா? எனக்கு எது பூண்டு, எது புல்லுன்னு தெரியுமா? விஷத்தைப் பறிச்சுட்டு வந்துட்டா?"

"சிற்றாலயத்துக்குக் கீழே, இடப்பக்கம் நம்ம பள்ளம் இருக்குல்ல, அங்க போ. முப்பது வருஷமா நான் அங்கதான் பறிக்கிறேன். வேற ஒண்ணுமே முளைக்காது அங்க. கண்ணை மூடிக்கிட்டுப் பறிக்கலாம்."

"கண்ணை மூடிக்கிட்டா? அப்போ எனக்கு ஏத்த வேலைதான்" என்று சிரித்தான்.

போனான், பறித்தான். ஒரு பை நிறையப் பறித்து, மறுநாள் பேருந்தில் கொண்டுவருவதற்காகக் குளிர்பெட்டியில் வைத்தான். அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, வாழ்க்கையில் முதல்முறையாகத் தானே முட்டை கிளறிச் சாப்பிட்டுவிட்டு, "உன்னோடதை விட நல்லா வந்திருக்கு, பொறாமைப்படாதே" என்று போனில் பெருமையும் அடித்தான். ராத்திரி வாந்தி. மறுநாள் முட்டை கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்துப் படுத்துக்கொண்டான். அதற்கடுத்த நாள் ஆஸ்பத்திரி. என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டபோதுதான் நேஷா மலைவீட்டுக்கு ஓடிப் போய் அந்தப் பையைக் கொண்டுவந்து, தாளில் கொட்டி, இலை இலையாகப் பிரித்தாள். பூண்டு இலைக்கு நடுவே, அதைவிடக் கொஞ்சம் விறைப்பாக, காம்பில்லாமல், இன்னொன்று. மொட்டைப்பூவின் இலை.

மொட்டைப்பூவைத் தெரியாதவர் ஊரில் இல்லை. இலையுதிர்காலத்தில் ஓர் இலைகூட இல்லாமல் வெறும் மண்ணிலிருந்து வெளிர் ஊதாவாகக் கிளம்பும். பார்க்க அப்படி ஓர் அழகு, உள்ளே அத்தனையும் விஷம். அதன் இலை பூவோடு வராது. அடுத்த வசந்தத்தில், காட்டுப்பூண்டு வருகிற அதே நாட்களில் வரும். கிள்ளி முகர்ந்து பார் என்று சின்னப் பிள்ளைகளுக்கே சொல்லித் தருவோம். ஆனால் பத்து இலை பறித்த பிறகு கை முழுக்கப் பூண்டு நாற்றம். அப்புறம் எதைக் கிள்ளினாலும் பூண்டுதான் மணக்கும். வின்கோ முகர்ந்திருப்பான். பாவி மனுஷன், ஒவ்வொன்றையும் முகர்ந்துதான் பறித்திருப்பான்.

எங்கே பறித்தாய் என்று கேட்கத் தோன்றியபோது அவனால் பேச முடியவில்லை. வாயில் குழாய். ஐந்தாம் நாள் போய்விட்டான்.

அடக்கம் முடிந்த அன்று தில்கா நேஷாவின் சமையலறையில் உட்கார்ந்து ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "கண்ணை மூடிக்கிட்டுப் பறின்னு சொன்னேன். நான்தான் சொன்னேன்." நேஷாவால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"அம்மா, போதும். அப்பா நம்ம பள்ளத்துக்கே போயிருக்க மாட்டாரு. அவருக்கு இடது எது வலது எதுன்னு எப்பம்மா தெரிஞ்சுது? சிற்றாலயத்துக்கு வலப்பக்கம் திரும்பியிருப்பாரு. அந்தப் புல்வெளி பூரா மொட்டைப்பூதானே!"

"நம்ம பள்ளத்துலயும் இருந்திருந்தா?"

"இல்லவே இல்லை. இலையுதிர்காலம் வரட்டும், நீயே போய்ப் பாரு. அங்க ஒரு பூ பூக்குதா பாரு. பூக்காது. அப்போ என்னை நம்புவல்ல?"

ஆறுதலுக்காகச் சொன்ன வார்த்தைதான். வாயை விட்டு வந்த வார்த்தையைத் திருப்பி எடுக்கவா முடியும்? தில்கா அதைப் பிடித்துக்கொண்டாள். ஜூனில் கட்டுப் பிரித்து அவள் மேலே வீட்டுக்கு வந்தபோது பள்ளத்தில் எந்த இலை இருந்திருந்தாலும் அது மண்ணோடு மண்ணாக மக்கிப்போயிருந்தது. இனிப் பூதான் சாட்சி. பள்ளத்தில் பூத்தால், புருஷனைச் சாவுக்கு வழிசொல்லி அனுப்பியவள் அவள். பூக்காவிட்டால், வழி தப்பிப்போனவன் அவன். நவம்பர் தொடக்கத்தில் கல்லறைத் திருநாள். ஊரே மெழுகுவத்தியோடு கல்லறைத் தோட்டத்தில் நிற்கும் அன்றைக்கு வின்கோவின் முன்னால் நிற்கத் தனக்கு முகம் இருக்கிறதா இல்லையா என்று அதற்குள் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

விந்தை என்னவென்றால், இத்தனை வருஷ நடையில் அந்தப் பள்ளத்தை இலையுதிர்காலத்தில் அவள் பார்த்ததே இல்லை. நிழலான, வழுக்குகிற இடம். அந்தப் பருவத்தில் அங்கே காளானும் கிடையாது, கொட்டையும் கிடையாது. வெயில் அடிக்கும் மேட்டுப் பக்கமே நடந்து பழகியவள் அவள்.

ஆகஸ்ட் கடைசி வாரத்திலிருந்து பத்து மணிக்குப் பூட்ஸை மாட்டிக்கொண்டு நேரே பள்ளத்துக்குத்தான் போனாள். முதல் நாள் சிற்றாலயத்தருகே உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெதுவாக இறங்கிப் பார்த்தாள். போன வருஷத்து பீச் சருகு, கொஞ்சம் புல், பாசி. பூ இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வலப்பக்கப் புல்வெளியிலோ செப்டம்பர் முதல் வாரத்திலேயே ஊதா ஊதாவாகக் கொட்டிக் கிடந்தது. தில்கா அங்கே நின்று, "நீங்கதானா? அப்போ நீங்கதானா?" என்று வாய்விட்டுக் கேட்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊருக்குள் இறங்கியபோது, பல மாதத்துக்குப் பிறகு தனக்குப் பசிப்பதைக் கவனித்தாள்.

அப்படித்தான் உயிர் திரும்பியது அவளுக்கு, கொஞ்சம் கொஞ்சமாக. பள்ளத்தைப் பார்த்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவள், மூன்றாம் வாரத்தில் மேட்டுப் பாதையில் ஏறினாள். கொத்துக்கொத்தாகச் சிவந்த பழத்தைக் குருவிகள் சண்டை போட்டுத் தின்பதைப் பார்த்து நின்றாள். செஸ்ட்நட் முள்ளுறையைப் பூட்ஸால் மிதித்துப் பிளந்து ஒன்றைப் பச்சையாகவே கடித்தாள். இனித்தது. இனித்ததற்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது; புருஷனைப் புதைத்து அரை வருஷம் ஆகவில்லை, நாக்குக்கு என்ன கேடு! ஆனாலும் இன்னொன்றையும் பொறுக்கினாள். காட்டுச்செர்ரி இலை ரத்தச் சிவப்பாகத் திரும்பிய அன்று அவள் அதில் ஒரு கிளையை ஒடித்து வந்து வின்கோவின் படத்துக்குப் பக்கத்தில் ஜாடியில் வைத்தாள். "புல்லுதான், பாத்துக்கோ" என்றாள் படத்திடம். மதியச் சூப்பு ஆறும் வரை அன்றைக்குக் கண்டதையெல்லாம் சொன்னாள்.

நேஷா தினமும் மதிய இடைவேளையில் போன் பண்ணுவாள். "இன்னிக்கு எங்கம்மா போன?" என்று ஆரம்பித்து, பள்ளத்தைப் பற்றிக் கேட்காமல் கேட்பாள். "ஒண்ணும் இல்லடி" என்று தில்கா சொன்னதும் அந்தப் பக்கம் மூச்சு இளகுவது கேட்கும். சனிக்கிழமை வந்து தங்கினால், ஞாயிறு விடியும்போதே ரொட்டிக்கென்று கிளம்பிவிடுவாள். மெலிந்துபோயிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். "நீ தூங்குறியா இல்லையா?" என்றால், "கடையில வேலை ஜாஸ்திம்மா" என்பாள். தில்காவும் நம்பினாள். தன் துக்கத்தில் மூழ்கியவளுக்குப் பிள்ளையின் முகம் பாதிதான் தெரிந்தது, அதற்காக அவளை யார் குற்றம் சொல்ல முடியும்?

அக்டோபர் நடுவில் ஒரு நாள், பெப்சா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள். அடுத்த வீட்டுக்காரி. நல்லவள்தான், ஆனால் அவள் வாய்க்குப் பூட்டு இன்னும் யாரும் செய்யவில்லை.

"ஏய் தில்கா! உன் மகளுக்குப் புதுசா ஆள் கிடைச்சிருக்கானா? எங்கிட்ட மறைக்காதே."

"என்ன உளர்ற?"

"நானா உளர்றேன்? தினம் காலைல ஆறரைக்கு அவ கார் தீயணைப்பு ஷெட்டுக்குப் பின்னால நிக்குது. நாயைக் கூட்டிட்டுப் போறப்போ பாக்குறேன்ல! அரை மணி நேரம், முக்கால் மணி நேரம். அப்புறம் போயிடுறா. அம்மா வீட்டுக்கும் வராம ஸக்ரிச்ல வேற யாரைடி பாக்க வருவா? எனக்கென்னவோ அந்தப் பொண்டாட்டி செத்த தபால்காரன் மேலதான் சந்தேகம். நல்ல பையன், கொஞ்சம் வழுக்கை, அவ்வளவுதான்."

"இருக்கும்" என்றாள் தில்கா. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று சொன்னால் அது பொய். விளங்கியது. ஆனால் விளங்கியதைத் தொட அவளுக்குத் தைரியம் வரவில்லை. அன்று மதியம் நேஷா போன் பண்ணியபோது தபால்காரனைப் பற்றியும் கேட்கவில்லை, காரைப் பற்றியும் கேட்கவில்லை.

மறுநாள் வெளுக்க ஆரம்பித்த உடனே கிளம்பினாள். காப்பி குடிக்கவில்லை. புல்லில் முதல் வெண்பனி இறங்கியிருந்தது, நடக்க நடக்கப் பூட்ஸுக்கடியில் மொறுமொறுத்தது. சிற்றாலயத்தைத் தாண்டி, இடப்பக்கம் திரும்பி, சரிவின் விளிம்புக்கு வந்தாள்.

பள்ளம் பூத்திருந்தது.

ஒன்றிரண்டு இல்லை. சருகைக் கிழித்துக்கொண்டு இங்கே மூன்று, அங்கே ஐந்து, பாசி ஓரத்தில் ஒரு கொத்து, ராத்திரியில் முளைத்த புதுப் பூக்கள், பனியில் நனைந்து, இன்னும் வாய் திறக்காமல். பல வருஷத்துக்கு முன் மழை கிளைகளிலேயே பனிக்கட்டியாக உறைந்து, பாரம் தாங்காமல் பெரிய பீச் மரங்கள் முறிந்து விழுந்ததே, அந்த இடைவெளியில்தான் அத்தனையும். வெளிச்சம் உள்ளே வந்த இடத்தில் புல் வந்திருக்கிறது, புல்லோடு இதுவும் வந்திருக்கிறது. அப்படியென்றால் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வசந்தத்திலும் இந்த விஷ இலை இங்கேதான் இருந்தது, அவள் பறிக்கும்போதெல்லாம் கைக்குப் பக்கத்திலேயே. அவள் கை அதைத் தவிர்த்துத் தவிர்த்துப் பறித்திருக்கிறது. விரலுக்குத் தெரிந்திருந்தது, விரல் அவளிடம் சொல்லவே இல்லை. வேற ஒண்ணுமே முளைக்காது என்று அவள் மனதாரச் சொல்லி அனுப்பியது, தன் கையைப்போல் கை இல்லாத ஒருவனை.

ஐயோ, அப்போதுங்கூட அந்தக் கண் சும்மா இருக்கவில்லை. எவ்வளவு அழகாக இருக்கிறது என்று ஒரு கணம் பார்த்தது. அந்தக் கண்ணைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது தில்காவுக்கு.

கீழ்ப் பாதையில் காலடிச் சத்தம் கேட்டது. முறிந்த பீச்சின் அடிமரத்துக்குப் பின்னால் அவள் ஒதுங்கினாள். நேஷா வந்தாள். மருந்துக்கடை வெள்ளைக் கோட்டுக்கு மேல் அப்பாவின் பழைய மழைச்சட்டை, கையில் மெல்லிய ரப்பர் உறை, ஒரு பை. குனிந்து ஒவ்வொன்றாகப் பறித்தாள், அடியோடு, வெள்ளைத் தண்டு மண்ணுக்குள்ளேயே முறியும்படி. பழகிய கை. ஒரு பூவையும் விடவில்லை. பனியில் விரல் விறைத்தபோது வாயருகே வைத்து ஊதிக்கொண்டாள்.

"இன்னிக்கும் வந்துட்டீங்களா சனியன்களா" என்றாள் மெதுவாக. "முடிஞ்சுதுன்னு நெனச்சேனே. போதுமே. அவ பாத்துடக் கூடாது. இன்னும் ரெண்டு வாரம்தான், தயவு பண்ணுங்க."

பறித்து முடித்ததும் சருகை இரண்டு கையாலும் அள்ளிக் காயத்தின்மேல் போடுவதுபோல் பரப்பினாள். எட்ட நின்று பார்த்தாள். திருப்தி வராமல் ஓரிடத்தில் இன்னும் கொஞ்சம் அள்ளிப் போட்டாள். பிறகு அங்கேயே குந்தி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, மழைச்சட்டையின் கையை வாயில் கவ்விக்கொண்டு அழுதாள். சத்தம் வரக் கூடாதென்று. இந்தப் பக்கம் தில்கா மரப்பட்டையில் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றாள். பத்தடி தூரம்தான். போய் அணைத்துக்கொள்ளக் கை பறந்தது. போயிருந்தால் என்ன ஆகும்? ஆகஸ்டிலிருந்து தினமும் விடியுமுன் எழுந்து, பனியில் மண்டியிட்டு அந்தப் பிள்ளை கட்டிக் காத்த ஒரே ஒரு பொய்யும் போய்விடும். அப்பாவையும் பறிகொடுத்தவளுக்குக் காப்பாற்ற மிச்சமிருந்தது அது ஒன்றுதான். தில்கா அசையவில்லை. கார் கிளம்பும் சத்தம் கேட்கும் வரை நின்றாள், கேட்ட பிறகும் நின்றாள்.

மதியம் போன் அடித்தது.

"இன்னிக்கு எங்கம்மா போன?"

"பள்ளத்துக்குத்தான் போனேன், வழக்கம்போல."

"ம்?"

"ஒண்ணும் இல்லடி. இனிமே எங்க பூக்கப் போகுது, வெண்பனியே இறங்கிடுச்சு. நீ சொன்னது சரிதான். உங்கப்பா வலப்பக்கம்தான் திரும்பியிருக்காரு. இடது வலது தெரியாத மனுஷன்."

நேஷா, "நான்தான் அப்பவே சொன்னேனேம்மா" என்றாள். குரல் உடைந்தது. "இனிமேலாவது உன்னையே திட்டிக்கிறதை விடுறியா?"

"விட்டுட்டேன்" என்றாள் தில்கா. "நீ சாப்பிட்டியா? ஏதாவது சூடா சாப்பிடு. சளி பிடிச்ச மாதிரி இருக்கு உன் குரல்."

போனை வைத்துவிட்டு, மேஜையில் இருந்த சூப்பு ஆறி ஆடை படியும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். படத்தின் பக்கம் திரும்பவில்லை. அன்று அவனிடம் சொல்ல அவளுக்கு ஒன்றுமில்லை. இருந்த ஒன்றைச் சொல்ல நாக்கு எழவில்லை. கல்லறைத் திருநாளுக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. அன்றைக்கு மகளின் பக்கத்தில் நின்று, மெழுகுவத்தி ஏற்றி, குற்றமில்லாதவள்போல் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குள் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

மறுநாள் பத்து மணிக்குத் தில்கா பூட்ஸை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். கிளம்பவில்லை. பதினொன்று அடிக்கும் வரை அங்கேயே இருந்தாள். இரவெல்லாம் பனி பெய்திருந்தது, மண் இறுகியிருக்கும், பிள்ளைக்குப் பறித்து முடிக்க இன்று கூடுதல் நேரம் பிடித்திருக்கலாம், அதற்குள் தான் போய் நின்றுவிடக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது.